பணியாளரா, பயனாளியா?

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை நாம் மறந்திருக்க மாட்டோம். பெரும்பாலோர் தலித்துகள், அதிலும் பெண்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுக்காதே, பணி நிரந்தரம் செய் என்றார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. இதில் பலர் கவனிக்காமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பும் மாநகராட்சியின் நிரந்தர ஊழியர்கள் அல்ல. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ், சுய உதவிக் குழு வழியாக வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள்.

அந்த இயக்கம் நகர்ப்புற ஏழைகளுக்குப் பயிற்சியும் கடனும் சுயதொழிலும் தருவதற்காக 2013இல் ஒன்றிய அரசு தொடங்கியது. திட்டம் என்றால் அதற்கு ஒரு முடிவு தேதி உண்டு. குப்பைக்கு உண்டா? முடிவே இல்லாத வேலையை ஏன் திட்டத்துக்குள் வைத்தார்கள் என்றால், பணியிடம் உருவாக்காமல் வேலை வாங்கலாம் என்பதால்தான். பணியிடம் என்று ஒன்று இருந்தால் ஊதிய விகிதம் வேண்டும், விடுப்பு வேண்டும், பணியில் இறந்தால் வாரிசுக்கு வேலை வேண்டும், இடஒதுக்கீடு வேண்டும். திட்டத்தில் இருப்பவர் குழு உறுப்பினர், பயனாளி. பத்து வருடம் தெருவைப் பெருக்கினாலும் பயனாளிதான். (பெயரை மட்டும் ‘தூய்மைப் பணியாளர்’ என்று மாற்றிக் கொடுத்தார்கள். அதற்குச் செலவில்லை.)

இது ஒரே நாளில் வந்ததல்ல. சென்னையில் 2000இல் ஓனிக்ஸ் வந்தது. 2001இல் தமிழக அரசு பணி நியமனத் தடை போட்டது, 2003இல் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் வந்தது. அன்றிலிருந்து ஊதியம் என்று போகும் பணம் ‘சுமை’. அதே பணம் ஒப்பந்ததாரருக்குப் போனால் ‘சீர்திருத்தம்’.

2021இல் சென்னையின் நகரச் சேவைகளுக்கு உலக வங்கி 15 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. குடிநீர், போக்குவரத்து, சுகாதாரத்தோடு திடக்கழிவும் அதில் அடக்கம். தனியாரிடம் கொடுக்கச் சொன்னது உலக வங்கிதான் என்பதல்ல நம் வாதம். இலக்கை எட்டினால்தான் பணம் என்ற ஏற்பாடு அது. அங்கே அதிகாரியின் கண் இலக்கின் மீதுதான் இருக்கும். அதை எட்டிக் கொடுத்த கை நிரந்தரமா, தினக்கூலியா என்று கேட்க அவருக்கு என்ன அவசரம்?

‘பணி நிரந்தரம் கேட்பது, தலித்துகளைக் குப்பையிலேயே நிரந்தரமாக்குவது’ என்று நம் பக்கத்திலிருந்தே ஒரு வாதம் வந்தது. அதன் பின்னால் உள்ள கவலை நியாயமானது. சாதித் தொழிலிலிருந்து வெளியேறுவதுதான் நம் இலக்கு. ஆனால் ஒப்பந்தத்தில் விட்டால் வெளியேறுவார்களா? அதே மக்கள் அதே வண்டியைத்தான் தள்ளுவார்கள். கையில் வருவது மட்டும் குறையும். சுமார் 23,000 ரூபாய் வாங்கியவர்கள், தனியாரிடம் போனால் 17,000 கூட வராது என்றார்கள். பிறகு உயர் நீதிமன்றம் கடைசியாக வாங்கிய ஊதியம் குறையக் கூடாது என்றது, ஆனால் மாநகராட்சித் தீர்மானத்தை ரத்து செய்யவில்லை. கார்ப்பரேஷன் வேலையின் உறுதியான சம்பளத்தில் படித்து, முதல் பட்டதாரியாகி வேறு வேலைக்குப் போனவர்கள் நம் சேரிகளில் எத்தனையோ பேர். சாதித் தொழிலிலிருந்து வெளியேறிய வழி அதுதான்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் நகராட்சியில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். அனுமதிக்கப்பட்ட தூய்மைப் பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை, எந்த வருடத்திலிருந்து காலி, அந்த வேலையை இப்போது யார், எந்தத் திட்டத்தின் பெயரில் செய்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் வந்ததும் முதலில் அந்தத் தொழிலாளர்களிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.