கல்லூரி வாசலில் மாறும் பெயர்கள்

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் கரும்புச்சாற்றைத் தெளிய வைக்கச் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். சாற்றின் அமிலத்தன்மையை அது போக்குகிறது. இதற்கு நடுநிலையாக்கல் என்று பெயர். கரும்பு வெட்டும் நம் மக்களின் பிள்ளைகள் பள்ளியில் தமிழில் படித்த பாடம்தான் இது. கல்லூரியில் அதுவே ‘நியூட்ரலைசேஷன்’ ஆகிறது. வினைவேகமாற்றி ‘கேட்டலிஸ்ட்’ ஆகிறது. தெரிந்த பாடமே அந்நியமாகி, முதல் பருவத்திலேயே அரியர் விழுகிறது. உடனே ‘கோட்டாவில் வந்தவர்’ என்ற ஏச்சு வேறு. குறை அறிவில் இல்லை, மொழியில் இருக்கிறது.

ஆகவே முதலாண்டு மாணவருக்கான ‘பிரிட்ஜ் கோர்ஸ்’ பெயரளவில் முடியக் கூடாது. மோல் கணக்கு, சமன்பாடு, ஆய்வகப் பயிற்சி ஆகியவற்றை இருமொழியிலும் சொல்லித்தர வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் மாலை வகுப்பாக அதைத் தொடர வேண்டும் என்று கேட்கிறோம்.

மாணவர்களே, பிளஸ் 2 வேதியியல் புத்தகத்தை எடைக்குப் போடாதீர்கள். அதன் ஆங்கிலப் பதிப்பையும் அருகில் வைத்துப் படியுங்கள்.