சிவப்பு மணி கழிவா?

தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்தின் தொகுப்பில் பெயர் கொடுக்கலாமா என்று வாசகர்கள் கேட்கிறார்கள். கொடுங்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த இந்த 2,481 கோடி ரூபாய்த் திட்டம் 15,000 தொகுப்புகளில் ஏழரை லட்சம் ஹெக்டேரை எட்டப் பார்க்கிறது. நம் ஆட்கள் ஒதுங்கி நின்றால் அந்த இடத்தில் இடுபொருள் வியாபாரிகள் வந்து உட்கார்வார்கள்.

10,000 இடுபொருள் வள மையங்கள் வரப்போகின்றன. கொட்டகையில் மாடு உள்ளவர் ஜீவாமிர்தத்தைக் காசு கொடுத்து வாங்கும் நிலை வராமல் பார்த்துக்கொண்டால் போதும். எனக்குக் கவலை வேறு இடத்தில்.

யூரியாவை நிறுத்திவிட்டு, அதே குட்டை ரகத்தை ஊர் முழுக்க நட்டுப் பஞ்சகவ்யம் தெளித்தாலும் அது ஒற்றைப் பயிர்தான். புகையான் பூச்சிக்கு அதுவே விருந்து. பல ரகம், பல பயிர் வேண்டும் என்று இயக்கமும் சொல்கிறது. அப்படி விளைந்ததை யார் எடுப்பார்கள்?

மத்திய அரசின் அரிசித் தர அளவுகோலைப் பாருங்கள். கல், நொய், பழுப்பு மணி வரிசையில் ‘சிவப்பு மணி’யும் நிற்கிறது. மேற்பரப்பில் கால் பங்குக்குச் செந்தவிடு இருந்தாலே அது சிவப்பு மணி. நூற்றுக்கு 3 வரை பொறுப்பார்கள். சிவப்பரிசி தரும் மரபு ரகமான மாப்பிள்ளைச் சம்பாவில் நூற்றுக்கு நூறும் அதுதான்! ஆலை அரிசியாகத் திருப்பித் தர முடியாத நெல்லைக் கொள்முதல் நிலையம் எப்படி எடுக்கும்? நாலு மணியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, சிவப்பு தெரிந்ததும் குவியலை ஓரங்கட்டச் சொல்வதற்கு ஈரப்பதமானிகூட வேண்டாம். வெள்ளையாகத் தீட்டினால் தேறும் என்பார்கள். எதற்காக அந்த நெல்லை நட்டோமோ அது தவிட்டோடு போய்விடும்.

சன்னம், பொது என்ற இரண்டு கட்டங்களுக்குள் அடங்கும் நெல்லுக்கே ஆதார விலை கிடைக்கும்போது, டெல்டா உழவர் வேறு எதை நடுவார்? ஒற்றைப் பயிருக்கு உழவரின் பேராசையைக் காரணம் காட்டும் அதிகாரிகள் இந்த அட்டவணையை ஒருமுறையாவது படித்தார்களா? ஒரு துறை மரபு விதையை மானியத்தில் கொடுக்கிறது, அதில் விளைந்ததை இன்னொரு துறை கழிவுக் கணக்கில் எழுதுகிறது. ஆதிரெங்கத்தில் மரபு நெல் ரகங்களைப் பரப்பிய நெல் ஜெயராமனிடம் 2 கிலோ விதை வாங்கி 4 கிலோவாகத் திருப்பிக் கொடுத்தவர்கள்தான் இந்த ரகங்களைக் காப்பாற்றினார்கள். அவர்களின் அறுவடைக்கு இந்த அளவுகோலில் இடமில்லை.

இந்த அளவுகோல் ஒவ்வொரு கொள்முதல் பருவத்துக்கும் புதிதாக வெளியிடப்படுகிறது. சிவப்பரிசிக்குத் தனி வகை வைக்க ஒரு சுற்றறிக்கை போதும்; தனி ஆதார விலைக்கு மத்திய அமைச்சரவை முடிவு வேண்டும். அதுவரை மாநில அரசு தன் நிதியில் வாங்கிச் சத்துணவுக் கூடங்களுக்கு அனுப்பலாம். தொகுப்பில் சேர்கிறவர்கள் விண்ணப்பத்தில் நிலத்தின் அளவோடு ரகத்தின் பெயரையும், அதை எந்தக் கொள்முதல் நிலையம் எடுக்கும் என்ற கேள்வியையும் எழுதிக் கொடுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள்.