வாகிஃபின் நிபந்தனையும் விதவையின் வாசலும்

ரமளான் பிறை இருபதைக் கடந்ததும் நம் ஊர்களில் செல்வர் வீட்டு வாசல்தோறும் ஒரு வரிசை நிற்பதைக் காண்கின்றோம். முக்காட்டை இழுத்து முகம் மறைத்த பெண்கள், இடுப்பில் குழந்தையுடன், வெயிலில் காத்து நிற்பர். கதவு திறக்கும். ஒரு தாள் நீட்டப்படும். வாங்கியவள் அடுத்த தெருவுக்கு விரைவாள். கொடுத்தவர் இவ்வாண்டின் ஜகாத் நிறைவேறிற்று என்று மன நிறைவோடு தறாவீஹுக்குப் புறப்படுவார். மறு ஆண்டும் அதே வரிசை, அதே பெண். சில ஆண்டுகள் கழிந்தால் அவளோடு அவள் மகளும் நிற்பாள். ஒரு குடும்பத்தை இருபது ஆண்டுகள் வரிசையில் நிறுத்தி வைப்பதற்குக் குடும்ப உதவி என்று பெயர் சூட்ட என் நா எழவில்லை.

இதை மாற்றுவோம் என்று சில மஹல்லாக்களில் இளைஞர் சிலர் முன்வருகின்றனர். பைத்துல் மாலை ஒழுங்குபடுத்துவோம். வீடு வீடாகச் சென்று விசாரித்துப் பதிவேடு எழுதுவோம். பெண்களின் துயரைக் கேட்கப் பெண்களையே அனுப்புவோம். ஒருவருக்குப் பள்ளிக் கட்டணம், ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு வாடகை, ஒருவருக்குக் கணவனோடு சமாதானம் பேச ஓர் ஆள் என்று தேவையறிந்து உதவுவோம் என்கின்றனர். உடனே ஜமாஅத்தின் மூத்தவர் ஒருவர் எழுந்து, “முன்னோர் வகுத்த முறையில் கை வைக்காதீர், வாகிஃப் எழுதி வைத்தபடிதான் நடக்க வேண்டும், ஷரீஅத்தில் புதுமை கூடாது” என்பார். கூட்டம் ஃபாத்திஹாவோடு கலையும். மூத்தவரின் வயதுக்கு நான் தலை வணங்குகிறேன். அவர் வாதத்துக்கு அல்ல. ஃபிக்ஹின் பெயரால் சொல்லப்படும் அந்த வாதத்துக்கு ஃபிக்ஹிலேயே விடை இருக்கிறது.

வாகிஃபின் நிபந்தனை ஷரீஅத்தின் மூல வாசகத்துக்கு ஒப்பானது என்பது ஃபுகஹாக்களிடையே புகழ் பெற்ற விதி. மறுப்பாரில்லை. ஆனால் அவ்விதியைப் பேணிய ஹனஃபீ இமாம்களே அது செல்லாத இடங்களையும் எண்ணி வைத்தார்கள். ஹிஜ்ரி 970-இல் மறைந்த எகிப்தின் பேரறிஞர் இப்னு நுஜைம் (ரஹ்) அவர்களின் ‘அல்அஷ்பாஹ் வந்நழாயிர்’ என்னும் நூலைத் திறந்து பாருங்கள். இன்ன பள்ளிவாசலில் கேட்டு நிற்பவர்க்கே நாள்தோறும் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் வக்ஃபு செய்தால், அந்த நிபந்தனை நிருவாகியைக் கட்டுப்படுத்தாது. வேறு பள்ளியில் கேட்பவர்க்கும், பள்ளிக்கு வெளியே இருப்பவர்க்கும், ஏன், வாய் திறந்து கேட்காதவர்க்கும்கூட அவர் கொடுக்கலாம் என்கிறது அந்நூல். ரொட்டியும் இறைச்சியும் கொடுக்கச் சொல்லியிருந்தால் அதன் விலையைப் பணமாகவும் கொடுக்கலாம் என்கிறது. இமாமுக்குக் குறித்த ஊதியம் போதவில்லையேல் காஜி அதை உயர்த்தலாம் என்கிறது. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்னர் கெய்ரோவில் எழுதப்பட்டது இது. பள்ளிவாசல் படியில் வெள்ளிக்கிழமைதோறும் சோறு கொடுப்பதுதான் வக்ஃபு, மூன்றாம் தெருவில் கதவடைத்துக் கிடக்கும் விதவைக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது பித்அத் என்று சொல்பவர்கள் எந்தக் கிதாபைப் படித்துச் சொல்கிறார்கள் என்று கேட்க எனக்கு உரிமையுண்டு.

ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். காலத்துக்கேற்ப மாற்றுகிறேன் என்று வக்ஃபு நிலத்தை விற்றுத் தின்னும் முத்தவல்லிக்கு இந்தப் பேச்சில் இடமில்லை. அவர் திருடர். வக்ஃபு என்ற சொல்லின் பொருளே நிறுத்தி வைத்தல். மூலம் நிற்க வேண்டும், விளைச்சல் நடக்க வேண்டும். சொத்தை மாற்றுவதில் ஷாஃபிஈ மத்ஹபு இன்னும் இறுக்கமானது. கடற்கரை ஊரார் அதை மறக்க வேண்டாம். நான் பேசுவது மூலத்தைப் பற்றியன்று, விளைச்சல் போய்ச் சேரும் வழியைப் பற்றியே. அன்றியும், பைத்துல் மாலுக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி வக்ஃபே அல்லவே! அது இவ்வாண்டு ஜகாத், இம்மாதச் சதக்கா. எந்த வாகிஃபும் நிபந்தனை எழுதாத பணத்துக்கு வாகிஃபின் நிபந்தனையைக் காட்டித் தடை போடுவது விந்தையிலும் விந்தை.

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் பால்குடி மறந்த குழந்தைகளுக்கு அரசு உதவித்தொகை வழங்கப்பட்டு வந்தது. நல்ல விதிதான். ஓரிரவு மதீனாவின் புறத்தே தங்கிய வணிகக் கூட்டத்துக்கு அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் காவலிருந்தபோது ஒரு குழந்தை ஓயாமல் அழுதது. தாயிடம் சென்று குழந்தையைக் கவனி என்றார்கள். மீண்டும் அழுகை; மீண்டும் சென்றார்கள். வந்திருப்பவர் யாரென அறியாத அத்தாய், பால்குடி மறந்த பிள்ளைக்குத்தானே உமர் பணம் தருகிறார், அதனால்தான் இதற்குக் காலத்துக்கு முன்பே பாலை மறக்கடிக்கிறேன் என்றாள். அன்றைய ஃபஜ்ருத் தொழுகையில் அவர்கள் ஓதியது அழுகையினால் மக்களுக்கு விளங்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். விடிந்ததும் அறிவிப்பு வந்தது: இனிப் பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் உதவித்தொகை உண்டு, பால் மறக்கடிக்க அவசரப்படாதீர். மாகாணங்களுக்கும் அவ்வாறே எழுதினார்கள்.

குழந்தையை ஊட்டுவதற்கென வகுத்த விதி குழந்தையைப் பட்டினி போட்டது. அந்த உண்மை திவானின் ஏடுகளில் இல்லை, ஒரு தாயின் கூடாரத்தில் இருந்தது. அங்கே நடந்து சென்றவர்தான் அறிந்தார். அறிந்த பின் ‘நேற்று வகுத்த முறை’ என்று ஒரு பகல்கூடத் தாமதிக்கவில்லை.

நம் விதிகளை இந்தக் கண்ணால் பார்ப்போமா? பல ஊர்களில் விதவைக்கு உதவுவர். தலாக்குச் சீட்டுக் காட்டினால் அவளுக்கும் உதவுவர். கணவன் வெளிநாடு போய் ஆண்டுகளாகப் பணமும் அனுப்பாமல், பேசியும் விசாரிக்காமல், தலாக்கும் சொல்லாமல் விட்டுவிட்டவளுக்கு? அவள் விதவையுமல்லள், விடுவிக்கப்பட்டவளுமல்லள்; எந்தப் பட்டியலிலும் அவள் பெயரில்லை. கணவனால் கைவிடப்பட்ட பெண் என்று அரசின் ஓய்வூதியத் திட்டத்திலேனும் அவளுக்கு ஓரிடமுண்டு, நம் ஜமாஅத்தின் ஏட்டில் இல்லை. உதவி வேண்டுமானால் குல்உ கேட்டு மணவாழ்வை முறித்துக்கொண்டு வா என்றுதான் நம் விதி அவளுக்குச் சொல்லாமற் சொல்கிறது. அந்த மதீனத்துத் தாய் பாலை முறித்ததற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

மாற்றம் நம்மால் ஆகாது என்பதும் பொய். 2020-ஆம் ஆண்டு ரமளானில் ஊரடங்கினால் பள்ளிவாசல்கள் மூடிக் கிடந்தன. நோன்புக் கஞ்சி காய்ச்ச வழியில்லை. கஞ்சிக்கென அரசு தந்த அரிசியை வீடுகளுக்கே கொண்டுசென்று பகிர்ந்தோம். தலைமுறை தலைமுறையாகப் பள்ளி முற்றத்தில் வாளியேந்தி நின்று வாங்கிய கஞ்சி, அவ்வாண்டு அரிசியாகப் பையில் வந்தது. எவரும் பித்அத் என்று கூவவில்லை. இப்னு நுஜைம் (ரஹ்) சொன்ன ரொட்டியும் அதன் விலையும் இதுதானே! கொள்ளைநோய் வந்தால் மாறுவோம், வறுமை கண்டு மாறமாட்டோம் என்பது என்ன நியாயம்?

நம்மவர் பலர் பிழைக்கச் சென்ற சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே 1952-இல் முஸ்லிம் பெண்கள் சிலர் கூடிப் பெண்களுக்கென ஒரு சங்கம் கண்டனர். மலாய் மொழிப் பெயரின் முதலெழுத்துகளால் ‘பிபிஐஎஸ்’ என்று வழங்குவது அது. தலாக் எளிதாகி, மணம் முடித்த பெண்கள் பலர் நடுத்தெருவில் நின்ற காலம். தனித்தனியே அரிசி கொடுத்து இது தீராது என்று உணர்ந்த அப்பெண்கள் சட்டச் சீர்திருத்தத்துக்குக் குரல் கொடுத்தனர். 1957-இல் முஸ்லிம் சட்டம் இயற்றப்பட்டது; 1958-இல் ஷரீஅத் நீதிமன்றம் அமைந்தது. சங்கம் நிறுவியோருள் ஒருவரான கதீஜுன்னிஸா சிராஜ் அம்மையார் அந்நீதிமன்றத்திலேயே குடும்பங்களின் வழக்குகளைக் கேட்டு ஆலோசனை கூறும் பணியாற்றினார். அத்தோடு வேலை முடிந்தது என்று சங்கம் கலையவில்லை. தாய்மார் வேலைக்குச் செல்லத் தொடங்கிய காலத்தில் குழந்தைக் காப்பகம், துணையின்றிப் பிள்ளை வளர்ப்போர்க்கென ஒரு நிலையம், குடும்பச் சேவை நிலையம் என்று பணி மாறிக்கொண்டே வந்தது. ஏழு தலைமுறைச் செல்வர் எவரும் எழுதி வைத்த நிலத்தினால் அது நிலைத்ததன்று. எந்தத் துயரம் வாசலுக்கு வருகிறதோ அதற்கேற்பக் கையை நீட்டியதால் நிலைத்தது. அவர்கள் பெண்கள், நம்மூர் ஜமாஅத்தின் பொதுக்குழுவில் அமர அவர்களுக்கு நாம் நாற்காலி போட்டிருக்க மாட்டோம்!

இங்கே நாம் செய்தது என்ன? 1985-இல் ஷா பானு வழக்கின் தீர்ப்பு வந்தபோது ஊர்வலம் போனோம். தலாக்கான பெண்ணை அவள் உறவினர் காப்பர், அவர்க்கியலாவிடில் வக்ஃபு வாரியம் காக்கும் என்று 1986-இல் சட்டம் வந்தபோது மகிழ்ந்தோம். அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கியவர்கள் நாம். வாங்கிய பின் தன் எல்லைக்குள் அப்படிப்பட்ட பெண்கள் எத்தனை பேர், அவர்கள் எப்படி உண்கிறார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகமாவது எழுதி வைத்த ஜமாஅத்துகள் எத்தனை? ஊர்வலத்துக்குக் கொடி தைக்கக் கிடைத்த பணம் இதற்கு ஏன் கிடைக்கவில்லை? தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்கள் உள்ளன. அவை திரட்டும் நிதியோடு அரசும் மானியம் தருகிறது. உங்கள் மாவட்டச் சங்கம் எங்கே இயங்குகிறது என்று உங்கள் முத்தவல்லியிடம் கேட்டுப் பாருங்கள்.

அரபு அகராதியாளர்கள் ‘ஃபகீர்’ என்னும் சொல்லை முதுகெலும்பைக் குறிக்கும் ‘ஃபகார்’ என்பதோடு சேர்த்துப் பார்ப்பர். முதுகெலும்பு முறிந்தவன் ஃபகீர். முறிந்த எலும்புக்குக் கட்டுப் போடுபவன் அது சேரும்வரை வந்து வந்து பார்ப்பான். நாமோ தையல் இயந்திரம் வழங்கும் விழா நடத்தி, மேடையில் நிறுத்திப் படமெடுத்து, பொன்னாடை போர்த்திக்கொண்டு கலைகிறோம். ஆயத்த ஆடை மலிந்த காலத்தில் அந்த இயந்திரத்துக்கு வேலை கிடைத்ததா, அடகுக் கடைக்குப் போயிற்றா என்று பார்க்க எவருமில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் கேட்டு வந்த அன்சாரித் தோழரிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் விசாரித்தார்கள். இருந்த துணியையும் கிண்ணத்தையும் ஏலம் விட்டு, ஒரு திர்ஹத்துக்கு வீட்டாருக்கு உணவு வாங்கச் செய்து, மற்றதில் வாங்கிய கோடரிக்குத் தம் கையாலேயே காம்பு பூட்டினார்கள். கோடரியை நாம் மறக்கவில்லை. விசாரணையையும், முதலில் வாங்கிய உணவையும், பதினைந்து நாளுக்குப் பின் வந்து பார் என்று விதித்த தவணையையும் மறந்துவிட்டோம்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜகாத்தை முதலாகப் பூட்டி வைக்க முடியாது. உரியவர் கையில் உடைமையாகச் சேர வேண்டியது அது. வீடு வீடாகச் செல்லும் பெண்ணின் ஊதியத்தை ‘ஆமில்’ பங்கிலிருந்து கொடுக்கலாமா என்பதில் இந்நாட்டு உலமாக்களிடையே கருத்து வேற்றுமையுண்டு. ஆகவே வழக்கில் சிக்காமல் லில்லாஹ் நிதிக்கு வேறு கணக்கு வைத்து, ஊதியத்தையும் இடர்க்கால இருப்பையும் அதிலிருந்து எடுங்கள். ஊதியம் கொடுப்பது அமானிதத்துக்கு இழுக்கு என்று சிலர் முகம் சுளிப்பர். முத்தவல்லியின் மகன் திருமணத்துக்குப் பள்ளி மண்டபம் வாடகையின்றிக் கிடைக்கும்போது சுளிக்காத முகம் அது.

இன்னும் சில மாதங்களில் ஒவ்வோர் ஊரிலும் ஜமாஅத்தின் ஆண்டுக் கணக்கு வாசிக்கப்படும். மினாராவுக்கு வெள்ளையடித்த செலவு, மின்விசிறி, கந்தூரி, ஒலிபெருக்கி என்று வாசித்து வருவர். அது முடிந்ததும் எழுந்து, சென்ற ஆண்டு உதவி பெற்ற குடும்பங்களில் எத்தனை இவ்வாண்டு உதவி வேண்டாம் என்று சொல்லின என்று கேளுங்கள். விடை தெரியாதென்பார்கள். பதிவேட்டை மேசை மேல் வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், எழுதி முடிக்கும் நாளைக் குறித்த பின்னரே கணக்கில் கையொப்பமிடுங்கள்.