மகள்களை ஏன் அளக்கவில்லை?

1984இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு சிறிய கட்டுரை வந்தது. நியூயார்க்கின் ப்ரூக்ளினில் ஹென்றி பெக்லைட்டர், பெர்னிஸ் போர்ஜெஸ் குழுவினர் செய்த ஆய்வு. குடிநோயாளி அப்பாக்களின் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். வயது 7 முதல் 13 வரை. தலையில் மின்முனைகளைப் பொருத்தி, திரையில் எப்போதாவது வரும் ஒரு உருவத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். அப்படி அரிதாக ஒன்று தோன்றும்போது, சுமார் 300 மில்லிசெகண்டில் மூளையில் ஓர் அலை எழும். பி300 என்று பெயர். இந்தப் பிள்ளைகளிடம் அந்த அலை குட்டையாக இருந்தது. குடியால்தான் மூளை இப்படி ஆகிறது என்ற எண்ணம் ஆட்டம் கண்டது. குடிக்கத் தொடங்கும் முன்பே ஏதோ இருக்கிறது.

அருமையான ஆய்வுதான். ஆனால் ‘பிள்ளைகள்’ என்று நான் எழுதியதை நீங்கள் எப்படி வாசித்தீர்கள்? அத்தனை பேரும் பையன்கள்.

உடனே ஒரு பதில் வரும். அம்மா குடித்திருந்தால் கருவிலேயே பாதிப்பு வந்திருக்கலாம், பரம்பரையைத் தனியே பிரித்துப் பார்க்க முடியாது, அதனால் அப்பாவை எடுத்தார்கள் என்று. சரி, ஒத்துக்கொள்கிறேன். அது அப்பாவை எடுத்ததற்குக் காரணம். மகளை விட்டதற்கு? குடிநோய் ஆண்களிடம்தானே அதிகம் என்பார்கள். அதிகம்தான். அதற்காக இன்னொரு பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் இருந்தால் எப்படிங்க?

பெண்களின் குடிநோயில் பரம்பரைக்குப் பெரிய பங்கில்லை என்ற எண்ணம் ரொம்ப நாள் இருந்தது. 1992இல் கென்னத் கெண்ட்லர் குழு வர்ஜீனியாவில் ஆயிரத்துக்கும் அதிகமான பெண் இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து, பாதிக்கும் மேல் மரபணுவின் பங்கு என்றது. பின்னாளில் குடிநோயுள்ள பெண்களைச் சோதித்தபோது அவர்களிடமும் பி300 குட்டையாகத்தான் இருந்தது.

இந்தத் தாமதம் சும்மா போகவில்லை. பெண்ணுடலில் நீரின் அளவு குறைவு. அதனால் அதே அளவு குடித்தாலும் ரத்தத்தில் மது கூடுதலாக ஏறும், கல்லீரல் சீக்கிரம் கெடும். முன்னெச்சரிக்கை அதிகம் தேவைப்பட்டவர்களுக்குத்தான் அது கடைசியில் வந்து சேர்ந்தது.

இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஓர் ஆபத்து. ‘குடிகாரியாகப் போகும் மூளை’ என்று இதற்குத் தலைப்பு வைக்க ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். அதுவும் அபத்தம். பி300 குறைவு ஏடிஎச்டியிலும் உண்டு, ஸ்கிசோஃப்ரினியாவிலும் உண்டு. இரண்டு கூட்டங்களின் சராசரிக்கு இடையிலான வித்தியாசத்தை வைத்து ஒருத்திக்கு ஜாதகம் எழுத முடியாது. குடிக்கிற பெண்ணின் ஒழுக்கத்தை அளந்துகொண்டிருந்த ஊர், இனி மூளையையும் அளந்து அதே தீர்ப்பைச் சொல்லிவிடும். அவமானத்துக்குப் பயந்து ஏற்கெனவே மறைக்கிறவள், இன்னும் ஆழமாக மறைப்பாள்.

ஆய்வு நடக்கட்டும், பெண்களைச் சேர்த்தே நடக்கட்டும். அதுவரை, “உங்க அப்பா குடிப்பாரா?” என்று கேட்க எந்த மின்முனையும் வேண்டாம். மகனிடம் கேட்கிற அதே குரலில் மகளிடமும் கேளுங்கள்.