பக்கத்தில் கொழும்பு, சுற்றுவழியில் பயணம்!

தூத்துக்குடியில் இருந்து சென்னை ஆகாய வழியில் சுமார் 530 கிலோ மீட்டர். கொழும்பு எவ்வளவு தூரம் தெரியுமா? சுமார் 270 கிலோ மீட்டர்தான்! சென்னைக்குப் போகும் தூரத்தில் ஏறக்குறைய பாதி.

ஆனால் தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்கு நேர் விமானம் கிடையாது. சென்னை சென்று விமானம் மாறினால் மொத்தம் சுமார் 1,200 கிலோ மீட்டர். அதாவது நேர்வழியைப் போல நாலு மடங்குக்கும் மேல்! மதுரை வழியாகப் போகலாம். அங்கிருந்து கொழும்புக்கு விமானப் பயணம் ஒரு மணி நேரம்தான். ஆனால் மதுரைக்குச் சாலைப் பயணம், விமான நிலையத்தில் காத்திருப்பு எல்லாம் சேர்ந்தால், காலையில் வீட்டை விட்டவர் கொழும்பு சேர மாலை ஆகிவிடும்.

நேர் விமானம் இருந்தால்?

சிறிய விமானம் மணிக்கு 500 கிலோ மீட்டர் வேகத்தில் பறக்கும். அந்த வேகத்தில் 270 கிலோ மீட்டரைக் கடக்க அரைமணிக்குச் சற்று அதிகம் ஆகும். மேலே ஏறவும் கீழே இறங்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தாலும், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அன்று இருந்த நேர்வழி

முத்துக்குப் பேர் போன இந்தக் கடற்கரைக்கு இலங்கை அந்நியம் அல்ல. பாண்டியர் துறைமுகமான கொற்கையை விட்டுக் கடல் விலகிப் போனது. துறைமுகத் தொழில் பின்னர் தூத்துக்குடிக்கு வந்தது. முத்துக் குளிப்பவர்கள் இலங்கைக் கரைக்கும் போய் மூழ்கினார்கள்.

வ. உ. சிதம்பரனார் 1906-ல் சுதேசி கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் இந்த வழிக்காகத்தான். வெள்ளையர் கம்பெனியின் கப்பல்களுக்குப் போட்டியாக அவருடைய கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. அக்காலத்தில் சென்னையில் இருந்து வருபவர்கள் கூட ரெயிலில் தூத்துக்குடி வந்துதான் கொழும்புக் கப்பலில் ஏறினார்கள்.

1914-ல் பாம்பன் பாலம் திறந்தது. கூட்டம் தனுஷ்கோடிப் பக்கம் திரும்பியது. 1964-ல் புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது.

ஐந்தே மாதம்!

2011 ஜூன் மாதம் "ஸ்கோஷியா பிரின்ஸ்" என்ற கப்பல் தூத்துக்குடி - கொழும்பு வழியில் விடப்பட்டது. பயண நேரம் சுமார் 14 மணி. கணக்குப் பார்த்தால் மணிக்கு 20 கிலோ மீட்டர்; சைக்கிளை வேகமாக மிதிப்பவரின் வேகம்! ஆயிரம் பேருக்கு மேல் ஏறக்கூடிய அந்தக் கப்பலுக்குப் போதிய பயணிகள் கிடைக்கவில்லை. நவம்பரில் நின்றுவிட்டது.

இனி என்ன?

2025 ஜூலையில் தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. பெரிய விமானங்களும் இறங்கலாம்.

ஓடுபாதை மட்டும் போதாது. வெளிநாட்டு விமானம் வர வேண்டுமானால் சுங்கச் சோதனை வேண்டும்; பாஸ்போர்ட் சோதனை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரந்தோறும் இருக்கைகள் நிரம்ப வேண்டும். 2011-ம் ஆண்டுக் கப்பல் சொல்லிச் சென்ற பாடம் இதுதான்.

கொழும்பில் உறவும் வியாபாரமும் உள்ள குடும்பங்கள் இந்தக் கரையில் ஏராளம். கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்னால் புறப்படலாம். துக்கச் செய்தி வந்தால் அப்படி முடியுமா? அவர்களுக்குத்தான் நேர்வழியின் அருமை தெரியும்!