ஒப்புக்கொண்டால் தண்டனை குறையுமா?

"கோர்ட்டில், 'ஆமாம், என் தப்புத்தான்' என்று சொல்லிவிடுங்கள். அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம்!"

காரை வேகமாக ஓட்டி யாரையாவது காயப்படுத்தியவருக்குத் தெரிந்தவர்கள் சொல்லும் யோசனை இது. காரியம் அவ்வளவு சுலபமா?

அஜாக்கிரதையாக ஓட்டி ஒருவரின் எலும்பை முறித்தால், 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-வது பிரிவுப்படி 3 வருஷம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ஒப்புக்கொண்டால் இவ்வளவு குறையும் என்று கணக்குக் கிடையாது. அது மாஜிஸ்டிரேட்டைப் பொறுத்தது.

உயிர்ச்சேதமான ஒரு விபத்துக் கேஸ் 1982-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. ஒப்புக்கொண்டவருக்கு முதலில் அபராதம், அப்பீலில் சிறை! ஆசை காட்டி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டுத் தண்டனையைக் கூட்டுவது நியாயமல்ல என்று கூறி, மறுபடி விசாரிக்க அனுப்பினார்கள்.

2006-ல் 'பிளீ பார்கெயினிங்' வந்தது. எதிரி தாமாகவே மனுப் போடவேண்டும். காயம்பட்டவரும் உட்கார்ந்து பேசி நஷ்ட ஈட்டை முடிவு செய்யலாம். இப்போதைய சட்டப்படி தண்டனை நாலில் ஒரு பங்காக, முதல் குற்றமானால் ஆறில் ஒரு பங்காகக் குறையலாம். 3 வருஷம் 6 மாதமாகிவிடும்!

ஆனால் ஒன்று. பெண்ணுக்கோ குழந்தைக்கோ இழைத்த குற்றமானால், இந்தக் கதவைச் சட்டம் சாத்திவிட்டது.

ஆகவே, உங்கள் வீட்டுப் பிள்ளை கூண்டில் ஏறி நிற்க நேர்ந்தால், வாய் திறக்குமுன் வக்கீலைக் கேட்கட்டும். அடிபட்டவர் உங்கள் வீட்டாரானால், அந்த அபராதம் உங்களுக்கு வரும் பணமல்ல. நஷ்ட ஈட்டுக்கு மோட்டார் விபத்து டிரிப்யூனலில் தனியே மனுப் போடவேண்டும். மறந்துவிடாதீர்கள்!