மதர்போர்டு மாற்றுவோர் கவனத்திற்கு

'மதர்போர்டு போயிடுச்சு சார்' என்று மெக்கானிக் சொல்லும்போது அவர் முகத்தில் லேசாக ஒரு துக்கம் தெரியும். பத்து நிமிஷம் கழித்து எஸ்டிமேட் எழுதும்போது அது மறைந்துவிடும். 'ஹார்டு டிஸ்க்கையும் புதுசா போட்டுடலாம், பழசு செட் ஆகாது' என்று ஒரு வரி சேர்த்தாரானால், அங்கேதான் நீங்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

முதலில், போனது போர்டுதானா? ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறக் கோடுகளைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, திரும்பச் சொருகியதும் எழுந்து உட்கார்ந்த கம்ப்யூட்டர்கள் ஏராளம். எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் பவர் சப்ளையை வேறு ஒன்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் அசையவில்லை, போர்டில் நிற்கும் கபாசிட்டர்கள் வேறு வயிறு உப்பிக்கொண்டிருக்கின்றன என்றால், சரி, ஆயுசு முடிந்தது.

ஆனால் உங்கள் கணக்கு, கல்யாண போட்டோ, பையனின் ப்ராஜெக்ட் எதுவும் போர்டில் இல்லை. எல்லாம் டிஸ்க்கில். குடியிருந்த வீடு ஒழுகினால் பீரோவைத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போக மாட்டோமா? அவ்வளவுதான்.

எங்கள் பேட்டையில் ஒரு பாத்திரக் கடைக்காரர். மாதச் சீட்டு நடத்துகிறார். தீபாவளிக்குக் குக்கர், பெண் கல்யாணத்துக்கு அண்டா குண்டான் என்று 140 பெண்கள் மாதம் 300 ரூபாய் கட்டுகிறார்கள். யார் எத்தனை மாதம் கட்டினார்கள் என்பது 2018ல் வாங்கிய அந்த ஒரே கம்ப்யூட்டரில் மட்டும். அட்டையைத் தொலைத்தவர்கள் பாதிப் பேர். போர்டு போன அன்று மனுஷர் கல்லாவில் உட்காரவில்லை. 'வீட்டு வேலை செஞ்சு கட்டின காசு தம்பி. இல்லேன்னு எப்படிச் சொல்றது?' என்றார்.

நான் படித்தது பி.காம். வருமான வரிச் சட்டப்படி கம்ப்யூட்டருக்கு வருஷம் 40 சதவீதம் தேய்மானம். 30,000 ரூபாய் மிஷின் எட்டு வருஷத்தில் கணக்குப் புத்தகத்தில் 504 ரூபாய்க்கு வந்து நிற்கும். உள்ளே இருக்கும் சீட்டுக் கணக்குக்கு எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது. அது போனால்தான் கடைக்காரர் ஊரை விட்டு ஓட வேண்டும்!

ஆகவே முதல் வேலை, டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. கேஸ் ஒன்றில் போட்டு, வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி நகல் எடுப்பது. கடைக்காரருக்கு அரை மணியில் முடிந்தது. 140 பேரும் பத்திரமாக இருந்தார்கள். அன்றைக்குத்தான் சாப்பிட்டார் என்று அவர் சம்சாரம் சொன்னார்.

அடுத்தது போர்டு. இது தனியாக வருகிற ஜாதி இல்லை. ப்ராசஸர் உட்காரும் சாக்கெட் மாறியிருந்தால் ப்ராசஸரும் மாற வேண்டும். டி.டி.ஆர். 3 ரேம், டி.டி.ஆர். 4 போர்டில் நுழையவே நுழையாது. ஆக, போர்டு மட்டும் என்று ஆரம்பித்துப் புதுக் கம்ப்யூட்டர் விலையில் முடியும். அதே சாக்கெட்டில் பழைய போர்டு கிடைக்கிறதா என்று முதலில் சென்னை ரிச்சி தெருவைச் சல்லடை போட்டுப் பார்ப்பதுதான் என் கட்சி. கடைக்காரருக்கு அப்படித்தான் கிடைத்தது.

பழைய டிஸ்க்கைப் புது போர்டில் மாட்டினால் விண்டோஸ் என்ன செய்யும்? புதுச் சமையலறைக்கு வந்த பழைய சமையல்காரர் மாதிரி, பெருங்காய டப்பாவை அதே தட்டில் தேடும். எக்ஸ்.பி. காலத்தில் டப்பா இல்லையென்றால் நீலத் திரை காட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். விண்டோஸ் 10 வந்த பிறகு கொஞ்சம் பக்குவம். இரண்டு தடவை ரீஸ்டார்ட் ஆகி, பெரும்பாலும் தானே சமாளித்துக்கொள்கிறது. நீலத் திரை வந்தாலும், 'ஃபார்மேட் பண்ணிடலாமா சார்?' என்ற கேள்விக்குத் தலையாட்டாதீர்கள். பயாஸில் சாட்டா மோடு பழைய போர்டில் இருந்தபடியே இருக்கிறதா, பூட் முறை லெகஸியா யு.இ.எஃப்.ஐ.யா, இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பாதி வழக்கு அங்கேயே பைசல். லைசென்ஸ் சமாசாரம் தனி. மிஷினோடு கூடவே வந்த விண்டோஸ் அந்த போர்டோடு உடன்கட்டை ஏறிவிடும். தனியாகக் கடையில் வாங்கியதானால் கூட வரும்.

(விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எப்படியும் போர்டு வாங்குகிறீர்கள், விண்டோஸ் 11 ஏறுமா என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்குங்கள்.)

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வில்லங்கம். பல மிஷின்களில் நீங்கள் கேட்காமலே டிஸ்க்குக்குப் பூட்டுப் போட்டிருக்கும். பூட்டின் ரகசியம் டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சில்லில். அது பழைய போர்டோடோ ப்ராசஸரோடோ போய்விட்டால், புதியது 48 இலக்க எண் கேட்கும். அது இல்லாமல் பிரம்மாவே வந்தாலும் திறக்காது. பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். போர்டு உயிரோடு இருக்கும்போதே பார்த்து, ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு ஆடிட்டர் ஆபீசில் இந்த எண்ணை எழுதித்தான் வைத்திருந்தார்கள். அதே டிஸ்க்கில், 'முக்கியம்' என்று பெயரிட்ட ஃபைலில்.